கதீட்ரல் விண்டோ கட்டம்: நடுவில் சேராத மூலைகளும் சுருங்கிப்போகும் ஓரமும்

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். பழைய பெட்ஷீட்டிலிருந்து 6 இன்ச் சதுரமாக நாலு துண்டு வெட்டி, வீடியோ பார்த்துக் கதீட்ரல் விண்டோ (துணிச் சதுரங்களை மடித்துச் சேர்த்து, மேலே கலர்த் துண்டு வைத்துத் தைக்கும் ஒட்டுத்துணி வேலை) மடித்திருக்கிறீர்கள். மடித்த மூலைகள் நடுவில் சேரவில்லை. ஒன்றில் இடைவெளி விழுகிறது, இன்னொன்றில் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கிறது. நாலு கட்டமும் நாலு அளவு. சேர்த்துத் தைத்தால் நடுவில் ஓட்டை. அதற்கு மேல் 2 இன்ச் கலர்த் துண்டு வைத்து ஓரத்தைப் புரட்டித் தைத்தால் சுருக்கம் விழுகிறது, மூலையில் பிசிறு எட்டிப் பார்க்கிறது. ஆவி வைத்து நன்றாக அழுத்தி இஸ்திரி போட்டும் சரியாகவில்லை. "எனக்குக் கை வரவில்லையா?" என்று முடித்திருக்கிறீர்கள்.

கையைக் குறை சொல்லாதீர்கள். நீங்கள் எழுதியதில் கைத்தவறு ஒன்றோ இரண்டோதான். மற்றதெல்லாம் துணி, அளவு, இஸ்திரி. இந்தக் கட்டத்தில் ஒரு குணம் உண்டு: தப்பு ஓர் இடத்தில் நடக்கும், தெரிவது இரண்டு படி தள்ளித் தெரியும். சுருக்கத்தைப் பார்த்ததும் தையலைப் பிரித்துப் பிரித்துத் தைப்போம்; தப்போ வெட்டின அன்றே நடந்திருக்கும். அதனால் பின்னாலிருந்து முன்னால் போகாமல், வெட்டுவதிலிருந்தே வருகிறேன்.

முதலில் ஒரு சோதனை. வீட்டில் இருக்கும் வெள்ளைத்தாளில் ஒரு சதுரம் வெட்டுங்கள். நாலு மூலையையும் நடுவுக்கு மடியுங்கள். கிடைத்த சின்ன சதுரத்தின் நாலு மூலையையும் மறுபடி நடுவுக்கு மடியுங்கள். கட்டம் அவ்வளவுதான். தாளில் மூலைகள் பிசகாமல் சேர்ந்துவிட்டால் உங்கள் கைக்கு ஒன்றும் இல்லை, குறை துணியில். தாளிலும் சேரவில்லை என்றால் நீங்கள் வெட்டியது சதுரமே இல்லை. ஐந்து நிமிட வேலை, ஒரு மீட்டர் துணியைக் காப்பாற்றும்.

இப்போது அந்தத் தாளைப் பிரித்து விரித்துப் பாருங்கள், ஏனென்றால் இந்த வேலையின் சூட்சுமமே அதில் இருக்கிறது. துணியில் பாவு ஒரு பக்கம் ஓடும், ஊடை குறுக்கே ஓடும். சதுரத்தின் ஓரங்கள் அந்த இழைகளோடு நேராக இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். முதல் மடிப்பில் வந்த ஓரங்கள் இழைக்குச் சாய்வாக, மூலைவாக்கில் போகின்றன. டெய்லர்கள் 'கிராஸ்' என்பார்களே, அதுதான். இரண்டாவது மடிப்பில் வந்த வெளி ஓரங்கள் திரும்பவும் நேர் இழைக்கு வந்துவிடுகின்றன. ஆக முடிந்த கட்டத்தின் வெளிச் சுவர் நேர் இழை, இழுத்தாலும் நீளாது. உள்ளே நடுவை நோக்கி வரும் மடல்களின் ஓரமோ கிராஸ், இழுத்தால் வளையும். ப்ளவுஸ் கழுத்துக்குப் பைப்பிங் வைக்கக் கிராஸாகத் துண்டு வெட்டுவது எதற்கு? வளைவில் சுருங்காமல் படியவேண்டும் என்றுதானே? கதீட்ரல் விண்டோவின் ஓரம் வில் போல வளைவதும் அதே காரணத்தால்தான். வளைவை யாரும் வெட்டுவதில்லை. நேரான மடிப்பைப் புரட்டினால் அது தானாக வளைந்துகொள்கிறது.

இதைப் புரிந்துகொண்டால் பாதிக் குறைகளுக்கு நீங்களே காரணம் சொல்லிவிடலாம். சதுரத்தை இழை பார்க்காமல் கோணலாக வெட்டினால் என்ன ஆகும்? வெளிச் சுவர் கொஞ்சம் கிராஸாகிவிடும், இழுபடும். மடல் முழுக் கிராஸாக இருக்காது, வளைய மறுக்கும். ஒரு பக்கம் அழகாக வளைந்து எதிர்ப்பக்கம் முரண்டு பிடித்தால், தையலைத் தொடுவதற்கு முன் இழையைப் பாருங்கள்.

இழை பிடிக்கச் சுலபமான வழி நம் ஜவுளிக்கடையிலேயே இருக்கிறது. காடாத் துணியை ஓரத்தில் ஒரு வெட்டுப் போட்டு 'டர்' என்று கிழித்துத் தருவார்கள், பார்த்திருப்பீர்கள். பருத்தி இழையோடுதான் கிழியும். அப்படி ஒரு பக்கம் கிழித்து அந்த ஓரத்தை ஆதாரமாக வைத்துக்கொள்ளுங்கள். கிழித்த பிறகு துணியை மடித்தால் மூலைகள் பொருந்தாமல் கோணிக்கொண்டு நிற்கலாம். மில்லில் சுற்றும்போதே துணி சாய்ந்திருக்கும். குட்டையாக இருக்கும் மூலைவிட்டத்தின் இரண்டு முனையையும் பிடித்து மெதுவாக இழுத்தால் நேராகும். கிழித்த ஓரம் கொஞ்சம் நெளிந்திருக்கும், அதைக் கால் இன்ச் வெட்டித் தள்ளிவிடுங்கள்.

அடுத்தது துணி. பழைய பெட்ஷீட் என்றீர்கள். பெரும்பாலும் டெர்ரிகாட்டனாக இருக்கும் என்பது என் சந்தேகம். ஓரத்திலிருந்து நாலைந்து இழையை உருவி, சிங்க் மேல் இடுக்கியில் பிடித்து நெருப்பு வைத்துப் பாருங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிந்த வாசனையோடு சாம்பலாக உதிரும். பாலியெஸ்டர் கலந்திருந்தால் உருகி, ஆறியதும் நுனியில் கெட்டியாக ஒரு மணி உட்கார்ந்திருக்கும். மணி வந்தால் அந்தத் துணி இதற்கு ஆகாது. இஸ்திரிப் பெட்டியை எடுத்த மறு நிமிடம் மடிப்பு எழுந்து உட்காரும். நீங்கள் மறுபடி மறுபடி அழுத்திக் களைத்ததற்கு இதுதான் காரணமாக இருக்கலாம். சுத்தப் பருத்தியாகவே இருந்தாலும் சில பெட்ஷீட்டுகள் நெசவு ரொம்ப இறுக்கம், ஊசி இறங்காது. இந்தக் கட்டம் முழுக்க நாலு அடுக்குத் துணி. மூலைகள் கூடும் நடுவில் ஓரம் மடித்ததையும் சேர்த்தால் அதற்கும் மேல். அங்கே ஊசி போகாமல் விரலில் குத்திக்கொள்வது தொடங்குபவர்களுக்கெல்லாம் நடப்பதுதான்.

அமெரிக்காவில் இந்த வேலை பரவியபோது அடித்துணிக்கு அவர்கள் பெரிதும் எடுத்தது மஸ்லின், அதாவது வெளுக்காத சாதாரணப் பருத்தி. மஸ்லின் என்றதும் நமக்கு டாக்கா மெல்லிழை ஞாபகம் வரும். அது இல்லை இது. நம் கடைக் கணக்கில் மெல்லிய காடா. காடாவிலும் கனமானது உண்டு, பை தைப்பது போல. அதை வாங்கிவிடாதீர்கள். கேம்ப்ரிக், பாப்ளின், ப்ளவுஸுக்கு வாங்கும் டூ பை டூ எல்லாம் நன்றாக மடியும். எதுவானாலும் வெட்டுவதற்கு முன் தண்ணீரில் நனைத்துக் காயவைத்துவிடுங்கள். காடா நன்றாகவே சுருங்கும். நனைக்காமல் தைத்துவிட்டு, முதல் சலவையில் அடித்துணி சுருங்கி, மேலே வைத்த கலர்த் துண்டு, அதாவது ஜன்னல் துணி, தொப்பை போட்டு நின்றால் பிறகு ஒன்றும் செய்யமுடியாது. அழுத்தமான சிவப்பு, கருநீலம் ஜன்னலுக்கு என்றால் தனியாக நனைத்துச் சாயம் விடுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். கீழே இருப்பது வெள்ளை.

இனி அளவு. இங்கேதான் உங்கள் சுருக்கத்துக்கும் பிசிறுக்கும் நேரான பதில் இருக்கிறது.

வெட்டிய சதுரத்தில் சுற்றிலும் கால் இன்ச் மடித்தால் அரை இன்ச் போகும். மீதியில் சரிபாதிதான் முடிந்த கட்டம். நீங்கள் வெட்டியது 6. ஓரம் போக 5½. முடிந்த கட்டம் 2¾. இரண்டு கட்டங்களைப் பக்கத்தில் வைத்துத் தைத்தால் தையலின் இரு பக்கமும் சேர்ந்து ஒரு டைமண்டு உருவாகிறது, அதுதான் ஜன்னல். அதன் ஒரு பக்கம் எவ்வளவு? முடிந்த கட்டத்தை 1.4 ஆல் வகுத்தால் வரும். உங்களுக்கு 2 இன்ச்சுக்கும் கொஞ்சம் கம்மி. அதற்குள் நீங்கள் 2 இன்ச் துண்டை வைத்திருக்கிறீர்கள்! துண்டு மடிப்பு ஓரம் வரை வந்து, அதையும் தாண்டி முட்டிக்கொண்டு நிற்கிறது. அதை மூட மடலை அளவுக்கு மீறி இழுத்துப் புரட்டினீர்கள், சுருங்கிவிட்டது. மூலையில் இழுக்கத் துணியே இல்லை, பிசிறு வெளியே வந்துவிட்டது. 2 இன்ச் என்ற அளவு வேறு ஏதோ அளவுக் கட்டத்துக்கான வீடியோவிலிருந்து வந்திருக்கவேண்டும்.

டைமண்டின் பக்கத்திலிருந்து கால் இன்ச் கழித்து ஜன்னல் துண்டை வெட்டுங்கள். அப்போது நாலு பக்கமும் அரைக்கால் இன்ச் அடித்துணி தெரியும். அந்த அரைக்கால் இன்ச்தான் மடல் புரண்டு உட்காரும் இடம். 6 இன்ச்சில் இந்தக் கணக்கு சின்னதாகப் போகும், 1¾ துண்டு வரும், விரலால் பிடிக்கவே கஷ்டம். கை பழகும் வரை 9 இன்ச்சில் செய்யுங்கள் என்று சொல்வேன். 9 வெட்டினால் முடிந்த கட்டம் 4¼, டைமண்டு கிட்டத்தட்ட 3, துண்டு 2¾. எல்லாம் ஸ்கேலில் பார்க்கக்கூடிய அளவுகள்.

அளவெடுக்க இன்ச் டேப் வேண்டாம். முதன்முதலில் நான் ஒரு குஷன் உறைக்குப் பதினாறு சதுரம் வெட்டினேன். பாதியை வீட்டில் கிடந்த பழைய டேப்பில், மீதியைப் புதுசில். பழைய டேப் வருஷக்கணக்கில் இழுபட்டு நீண்டுபோயிருந்தது எனக்குத் தெரியாது. இரண்டு செட்டுக்கும் அரைக்கால் இன்ச் வித்தியாசம். பதினாறும் மடித்து, நடுவில் குத்தி, வரிசையாக அடுக்கியபோதுதான் தெரிந்தது. இரும்பு ஸ்கேல் ஒன்று போதும். மூலை நேராக இருக்கிறதா என்று பார்க்கத் தரைக்குப் போட்டு மிஞ்சிய டைல் ஒன்றைத் துணியின் மேல் வையுங்கள். அதைவிட நல்ல மூலைமட்டம் வீட்டில் கிடைக்காது. அட்டை வெட்டி அதைச் சுற்றிப் பென்சில் போடுவீர்களானால், பத்து சதுரத்துக்கு ஒருமுறை அட்டையை மாற்றுங்கள். ஓரம் தேய்ந்துகொண்டே வரும்.

சரி, வெட்டியாகிவிட்டது. 'மூலை நடுவில் சேரவில்லை' என்பதை இப்போது கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். இது ஒரு குறை இல்லை, இரண்டு. இரண்டுக்கும் முகம் வேறு.

முதல் மடிப்பிலேயே தெரிந்தால், உங்கள் துண்டு நீள்சதுரம். 9 இன்ச் துண்டில் ஓரம் மடித்த பிறகு ஒரு பக்கம் 8½, இன்னொரு பக்கம் 8¼ என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு மூலையையும் நடுப்புள்ளிக்குக் கொண்டுவந்தால், நீளமான பக்கத்தில் இரண்டு மடிப்புகளும் சந்திக்காது. கூர்மையாக வரவேண்டிய இடம் கால் இன்ச் தட்டையாக நிற்கும். குட்டையான பக்கத்தில் மடிப்புகள் ஒன்றின் மேல் ஒன்று அதே கால் இன்ச் ஏறும். தட்டையாக நிற்பது எந்தப் பக்கமோ அது நீளம். அந்த நீளத்தை ஒரு முனையில் வெட்டிக் குறைத்தால் தீர்ந்தது. நீங்கள் ஓரத்தை மடித்தபோது ஒரு பக்கம் கால் இன்ச்சும் மறுபக்கம் அதற்கு மேலும் மடித்திருந்தாலும் இதே முகம்தான் வரும்.

இரண்டாவது தினுசு கொஞ்சம் கள்ளத்தனமானது. முதல் மடிப்பில் நாலு மூலையும் கச்சிதமாக நடுவில் சேரும். சந்தோஷப்பட்டு இஸ்திரி போடுவீர்கள். இரண்டாவது மடிப்பில் என்ன செய்தாலும் சேராது. இதற்குக் காரணம், துண்டின் நாலு பக்கமும் சமம், ஆனால் கோணம் நேர் இல்லை. தள்ளிவிட்ட தீப்பெட்டி போலச் சாய்ந்திருக்கிறது. அப்படிச் சாய்ந்த துண்டை முதல்முறை மடிக்கும்போது மூலைகள் சரியாகவே சேரும், அதுதான் ஏமாற்று. ஆனால் கிடைப்பது சதுரம் இல்லை, ஒரு மெல்லிய நீள்சதுரம். இரண்டாவது மடிப்பு அதைக் காட்டிக்கொடுக்கிறது. பக்கங்களை எத்தனை முறை அளந்தாலும் இது பிடிபடாது. மூலைவிட்டங்கள் இரண்டையும் அளக்கவேண்டும். 8½ சதுரத்துக்கு இரண்டும் 12 இருக்கவேண்டும். ஒன்று 12-ஐத் தாண்டி இன்னொன்று குறைந்தால் சாய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

வெட்டும்போது நேராக இருந்த துண்டு எப்படிச் சாய்கிறது என்றால், இஸ்திரியில். நெய்த துணி எந்த நேரமும் சாயத் தயாராகவே இருக்கும். சட்டையைத் தேய்ப்பது போலப் பெட்டியை மூலைக்கு மூலை இழுத்தால், அதுவும் ஆவியோடு, கிராஸ் நீளும், சதுரம் சாயும். நீங்கள் ஆவி வைத்து நன்றாக அழுத்தினேன் என்று எழுதியதைப் படித்ததும் 'ஆஹா, அங்கே இருக்கிறது' என்று நினைத்துக்கொண்டேன். இந்த வேலையில் பெட்டியைத் தேய்க்கக் கூடாது. தூக்கி வைத்து, அழுத்தி, தூக்கி எடுக்கவேண்டும். ஆவி வேண்டாம். முதல் மடிப்பை நன்றாகப் பதியவைக்கலாம்தான், ஆனால் அதுவே பின்னால் மடலின் ஓரமாகப் புரட்டப்படப்போகிறது என்பது ஞாபகம் இருக்கட்டும்; பளபளக்கும் வரை கத்திமடிப்பாக ஆக்கிவிட்டால் புரளும்போது அந்தக் கோடு தெரியும். இரண்டாவது மடிப்பை, அதாவது வெளிச் சுவரை, தாராளமாக அழுத்துங்கள்.

கஞ்சி போடலாமா என்று கேட்பார்கள். போடலாம், வெட்டுவதற்கு முன்னால், லேசாக. வடிகஞ்சியை நீர்க்கக் கலந்து நனைத்தால் துணி சாயாமல் நிற்கும், வெட்டவும் மடிக்கவும் தாள் மாதிரி சுகமாக இருக்கும். வேட்டிக்குப் போடுவது போல மொடமொடவென்று போட்டால் மடல் வளையாது, உடைந்தது போல முனை முனையாக நிற்கும். ஜன்னல் துண்டுக்கு மட்டும் கொஞ்சம் தூக்கலாகப் போடுவேன். டைமண்டில் துண்டு மூலை மேலாக நிற்கும் என்பதால், பூ நிமிர்ந்து தெரியவேண்டும் என்று சிலர் துணியைச் சாய்த்து வெட்டுவார்கள். அப்போது துண்டின் ஓரமும் கிராஸாகிவிடும். மேலே புரட்டும் ஓரமும் கிராஸ், அடியில் இருக்கும் ஓரமும் கிராஸ் என்றால் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொள்ளும். முதல் முயற்சியில் பூவைப் பற்றிக் கவலைப்படாமல் நேர் இழையில் வெட்டிவிடுங்கள்.

இன்னொரு முறையும் இருக்கிறது, ஓரம் மடிக்கும் தொல்லை இல்லாதது. சதுரத்தை நல்ல பக்கம் உள்ளே வரும்படி பாதியாக மடித்து, இரண்டு குட்டை ஓரங்களையும் கால் இன்ச் விட்டு மிஷினில் அடியுங்கள். பிறகு பை போல வாயைத் திறந்து, இரண்டு தையலும் ஒன்றோடொன்று வந்து பொருந்தும்படி பிடித்து, திறந்திருக்கும் ஓரத்தையும் அடியுங்கள்; ஓர் இடத்தில் மட்டும் இரண்டு இன்ச் விட்டுவிடுங்கள். அந்த வழியாகத் திருப்பி எடுத்தால் பிசிறே இல்லாமல் முதல் மடிப்பு முடிந்த சதுரம் கையில் இருக்கும். அளவுக் கணக்கு அதேதான், மாறாது. திருப்பும் வாயை நட்டநடுவில் வைக்காமல் கொஞ்சம் தள்ளி வையுங்கள், நடு அடங்கியிருக்கவேண்டும். தையல்களை விரித்து அழுத்தினால் கனம் குறையும். மூலையைக் கத்தரி முனையால் குத்தி எடுக்காதீர்கள், ஓட்டை விழுந்துவிடும். ஸ்வெட்டர் பின்னும் ஊசியோ ஐஸ் குச்சியோ போதும். மிஷின் இருப்பவர்களுக்கு இதைத்தான் நான் சொல்வது. நாலு கட்டமும் ஒரே அளவில் வருவதற்கு இது நல்ல வழி.

நடுவில் குத்தும் இடத்தில் ஒரு சின்ன கைத்தவறு எல்லாரும் செய்வது. நாலு முனையையும் வட்டமாக, ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று வரிசையாகக் கோத்து நூலை இழுப்பார்கள். இழுத்ததும் நாலும் காற்றாடி போலச் சுழன்று ஒரு பக்கம் ஒதுங்கிக்கொள்ளும். எதிரும் புதிருமாகக் கோக்கவேண்டும். அடியிலிருந்து ஊசியை நடுவில் மேலே கொண்டுவந்து, கிழக்கு முனையில் இரண்டு இழை, உடனே மேற்கு முனையில் இரண்டு இழை, இழுங்கள். அப்புறம் வடக்கு, தெற்கு. இதையே இன்னொரு சுற்று, இரட்டை நூலில், இந்த முறை எல்லா அடுக்கையும் துளைத்து. நூல் ஒரு முழத்துக்கு மேல் வேண்டாம், முறுக்கிக்கொள்ளும். ஊசி 9 அல்லது 10-ஆம் நம்பர் மெல்லியது எடுங்கள். பெரிய ஊசியால் நாலு அடுக்கைக் குத்துவது சுலபம் என்று தோன்றும், உண்மை நேர்மாறு.

கட்டங்களைச் சேர்க்கும்போது நடுவில் ஓட்டை விழுவது: மடித்த பக்கங்கள் முகத்தோடு முகம் பார்க்கும்படி இரண்டையும் வைத்து, ஓரத்து மடிப்பில் ஓரிரண்டு இழையை மட்டும் எடுத்து நெருக்கமாகச் சுற்றித் தைக்கிறோம். மூலைக்கு மூலை போகவேண்டும். பெரும்பாலானவர்கள் மூலைக்கு ஒரு நூல் முன்னாலேயே முடிச்சுப் போட்டுவிடுவார்கள், நாலு கட்டம் கூடும் இடத்தில் வெளிச்சம் தெரியும். சரியாக மூலையில் ஊசியை ஏற்றி, அதே இடத்தில் இரண்டு முறை குத்தி ஆரம்பியுங்கள், முடிப்பதும் அப்படியே. நாலு கட்டத்தையும் சேர்த்த பிறகு கூடும் இடத்தில் எதிர்மூலைகளை ஒரு தையலில் பிடித்துவிடுங்கள். இரண்டு கட்டத்துக்கும் ஒரு நூல் அளவு வித்தியாசம் இருந்தால் பெரியதைக் கீழே வைத்து, இரண்டு முனையிலும் குண்டூசி குத்தி, வித்தியாசத்தை நடுவில் கரைத்துவிடலாம். அரைக்கால் இன்ச்சுக்கு மேல் என்றால் கரையாது. அந்தக் கட்டத்தைத் தூரப் போடுங்கள்.

கடைசியாக ஜன்னல். துண்டை டைமண்டின் நடுவில் வைத்துக் குண்டூசி குத்தியாகிவிட்டது. இப்போது எல்லாரும் நேராக மடலின் நடுப்பகுதியைப் பிடித்துப் புரட்டி அங்கிருந்து தைக்கத் தொடங்குவார்கள். தொடங்கவேண்டிய இடம் மூலை. டைமண்டின் ஒரு மூலையில் இரண்டு மடல்கள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன அல்லவா? மூலையிலிருந்து ஓர் அரைக்கால் இன்ச் உள்ளே தள்ளி, இரண்டு மடல்களையும் ஒன்றாகக் கிள்ளி இரண்டு சின்னத் தையல் போடுங்கள். கூப்பிய கை போல அவை மூடிக்கொள்ளும், ஜன்னல் துண்டின் கூர்மூலை அதற்குள் போய் ஒளிந்துகொள்ளும். துண்டின் மூலை அப்படியும் எட்டிப் பார்த்தால் அந்த மூலையை மட்டும் ஒரு இழை கத்தரித்துவிடலாம். இந்தக் கிள்ளல் இல்லாமல் எவ்வளவு நன்றாகத் தைத்தாலும் மூலையில் பிசிறு நிற்கும்.

அங்கிருந்து விரலால் மடலை உருட்டிக்கொண்டே போங்கள். இழுக்காதீர்கள், உருட்டுங்கள். சோமாசி ஓரத்தைச் சுருட்டுவது போல. மூலையில் பூஜ்யத்தில் தொடங்கி, நடுவில் கால் இன்ச் வந்து, அடுத்த மூலையில் பூஜ்யத்துக்கு இறங்கும். புடவை ஃபால்ஸ் அடிக்கிற மாதிரி சின்னச் சின்ன ஹெம்மிங். ஊசி அடித்துணியின் மேல் அடுக்கைப் பிடித்தால் போதும், பின்பக்கம் எட்ட வேண்டாம். நூலின் நிறம் அடித்துணியோடு சேரவேண்டும், ஜன்னல் துணியோடு இல்லை; தையல் உட்காருவது மடலின் மேல். ஒரு பக்கம் முடிந்ததும் மூலையில் அடுத்த கிள்ளல், நூலை வெட்டாமலே அடுத்த பக்கம். நாலு பக்கமும் சுற்றிவந்தால் நேர்க்கோடு ஒன்றுகூட இல்லாமல் வில் வில்லாக நிற்கும்.

வெளி ஓரத்துக் கட்டங்களில் முழு டைமண்டு வராது, அரைதான் வரும். அதைப் பார்த்து எங்கோ தப்பு செய்துவிட்டோம் என்று பயப்படவேண்டாம். அந்த மடல்களைத் துண்டு வைக்காமலே புரட்டித் தைத்துவிடுவது வழக்கம்.

எவ்வளவு துணி பிடிக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன். 44 இன்ச் அகலத் துணி ஒரு மீட்டரில் 9 இன்ச் சதுரம் பதினாறு வரும். நாலுக்கு நாலு அடுக்கினால் 17 இன்ச் குஷன் உறையின் முன்பக்கம். அதில் ஜன்னல் 24. உள்ளே பஞ்சு இல்லை, அடியில் தனியாகத் துணி இல்லை, ஓடுதையல் போட்டு மூன்றடுக்கைச் சேர்க்கும் வேலையும் இல்லை. அதனால் இதைக் குவில்ட் என்றே ஒப்புக்கொள்ளாதவர்கள் உண்டு. கொரியாவில் பொருள்களை மூடவும் சுற்றவும் தைக்கும் போஜாகித் துணிகளிலும் இதே போன்ற மடிப்பு வேலை இருக்கிறது, அங்கே யாரும் அந்தச் சண்டை போடுவதில்லை. கட்டிலுக்குப் போர்வை என்று மட்டும் இப்போதைக்கு ஆசைப்படாதீர்கள். 68-க்கு 85 இன்ச் என்றாலே 320 சதுரம், அடித்துணி மட்டும் 20 மீட்டர். போர்த்திக்கொண்டால் அந்தக் கனத்திலேயே எழுந்திருக்கமுடியாது.

பெட்ஷீட் கட்டங்கள் நாலையும் என்ன செய்வது என்றால், அடுப்படியில் கைப்பிடித் துணியாக்கிவிடலாம் என்று தோன்றும். நெருப்புச் சோதனையில் மணி வந்திருந்தால் அது வேண்டாம், சூட்டில் உருகிக் கையில் ஒட்டும். இருப்பதில் அளவு ஒத்துவரும் இரண்டை எடுத்து, துண்டு வைக்காமலே சுற்றிலும் மடலைப் புரட்டித் தைக்கப் பழகுங்கள். பிறகு இரண்டையும் முதுகோடு முதுகு சேர்த்து, மூன்று பக்கம் தைத்து, வெட்டி மிஞ்சிய துணியையெல்லாம் உள்ளே திணித்து நாலாவது பக்கத்தை மூடினால் குண்டூசி குத்தி வைக்க ஒரு மெத்தை. 9 இன்ச்சில் அடுத்த நாலைத் தொடங்கும்போது அது பக்கத்திலேயே இருக்கட்டும்.